வீடியோவை சுருக்க என்ன அவசரம்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நான் செய்த தவறு இது. அக்காவின் கல்யாண வீடியோ ஹார்ட் டிஸ்கில் அதிக இடம் பிடிக்கிறதே என்று, பைல் அளவைக் குறைவாகக் கொடுத்து, இருப்பதிலேயே வேகமான செட்டிங்கில் கம்ப்ரஸ் செய்தேன். சீக்கிரமே முடிந்தது. ஒரிஜினலை டெலீட் செய்துவிட்டேன். பிறகு போட்டுப் பார்த்தால், எல்லோரும் அட்சதை தூவும் காட்சி சதுரம் சதுரமாக உடைந்திருந்தது. அதில் அம்மாவின் முகமே தெரியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? 1920 x 1080 அளவில் வினாடிக்கு 25 பிரேம்கள் கொண்ட வீடியோவை சுருக்காமல் சேமித்தால், ஒரு நிமிடத்திற்கே 9 ஜி.பி.க்கு மேல் தேவைப்படும். எனவே ஒவ்வொரு பிரேமையும் முழுதாக சேமிப்பதில்லை. எச்.264 முறையில் பிரேமை 16 x 16 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முந்தைய பிரேமில் எங்கே இருந்தது என்று சாப்ட்வேர் தேடும். கண்டுபிடித்துவிட்டால், எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பையும் மீதமுள்ள வித்தியாசத்தையும் மட்டும் சேமித்தால் போதும். இதற்கு மோஷன் எஸ்டிமேஷன் என்று பெயர்.

சுற்றிலும் 7 பிக்ஸல் தூரம் வரை தேடினால்கூட ஒரு கட்டத்திற்கு 225 இடங்களை ஒப்பிட வேண்டும். ஒரு பிரேமில் எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட கட்டங்கள்! அதனால்தான் குறுக்கு வழிகள் வந்தன. 1981ல் வெளியான மூன்று படித் தேடல், முதலில் 4 பிக்ஸல் தள்ளியும், பிறகு 2, கடைசியில் 1 பிக்ஸல் தள்ளியும் பார்த்து, 25 இடங்களிலேயே வேலையை முடித்துவிடும். பிறகு வைர வடிவத் தேடல் வந்தது.

தொலைந்த சாவியை வழக்கமாக வைக்கும் இடங்களில் மட்டும் தேடுவது போன்றது இது. பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் அட்சதை ஆளுக்கொரு திசையில் பறக்கும்போது தேடல் தவறிவிடும். வித்தியாசம் பெரிதாகும். பைல் அளவை நாம் குறுக்கிவிட்டதால் அதை சேமிக்க இடம் இருக்காது. வேகமான செட்டிங்கில் வேறு சில வேலைகளும் குறைக்கப்படுவதால் படம் உடைகிறது.

குறுக்கு வழிகளை நான் குறை சொல்லவில்லை. வீடியோ காலில் அவைதான் வேண்டும். எதிரில் பேசுபவர் காத்திருக்க முடியாதே! ஆனால் கல்யாண வீடியோவை ஒரு முறைதான் சுருக்குகிறோம். வாழ்நாள் முழுக்கப் பார்க்கிறோம். அதற்கு ஓர் இரவு முழுக்க கம்ப்யூட்டர் ஓடினால் என்ன நஷ்டம்?

இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் சாப்ட்வேரில் வீடியோ பகுதிக்குச் சென்று, என்கோடர் பிரீசெட்டை 'ஸ்லோ'வில் வையுங்கள். பைல் அளவை நிர்ணயிக்காமல் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி'யைத் தேர்வு செய்யுங்கள். கடைசியில் இருக்கும் 'பிளாசிபோ' வரை போக வேண்டாம். நேரம்தான் மிக அதிகமாகும், பலன் கண்ணுக்குத் தெரியாது.

முடிந்ததும் அட்சதை, ஊர்வலம், நடனம் போன்ற காட்சிகளை நிதானமாகப் பாருங்கள். ஒரிஜினலை மட்டும் டெலீட் செய்யாதீர்கள். தனி ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள். நாளை இதைவிட நல்ல முறை வந்தால் மறுபடி சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கும்போது தொலைந்ததை எந்த சாப்ட்வேராலும் அப்படியே திருப்பித் தர முடியாது.