பாத்ரூம் பூஞ்சைக்குப் பழி யார் மேல்?



உங்களில் பலர் இப்போது சென்னை, பெங்களூரு என்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறீர்கள். ஜன்னலே இல்லாத சின்ன பாத்ரூம் அங்கே சாதாரணம். கொஞ்ச நாளில் கூரையில் கறுப்புப் புள்ளி, கதவின் அடிப்பலகையில் உப்பல், சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள அலமாரித் துணியில் பூஞ்சை வாடை. உடனே, "ஒழுங்கா தேய்ச்சுக் கழுவினா இப்படி ஆகுமா?" என்று ஒரு குரல் எழும். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களைப் பார்த்தே எழும். இது அநியாயம் என்பது என் கருத்து. குற்றம் கழுவுபவர் மேல் இல்லை. வெளியே போக வழியில்லாத ஈரக்காற்றின் மேல்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதே பாடம்தான் இது. வெந்நீர்க் குளியலின் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. அந்த ஈரம் காயாமல் இருந்தால் பூஞ்சை வளரும். தேய்த்தாலும், மேலே பெயின்ட் அடித்தாலும், ஈரம் இருக்கும்வரை திரும்ப வரும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருக்கிறோமே என்பீர்கள். மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவாவது இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று நகராது.

இரண்டு, ஃபேன் தள்ளும் காற்று கட்டடத்துக்கு வெளியேயோ, மேலே திறந்த ஷாஃப்டுக்கோ போக வேண்டும். பரணுக்குள்ளோ ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளோ விட்டால் பூஞ்சை இடம் மாறும், அவ்வளவுதான்.

மூன்று, நேரம். குளித்து முடித்த பிறகும் கதவைச் சாத்தி இருபது நிமிடமாவது ஓடட்டும். வெளியே வந்த கையோடு ஸ்விட்சை அணைக்கும் சிக்கனக்கார மாமாக்களுக்கு ஒரு கணக்கு: 40 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 1.2 யூனிட். மறுபடி பெயின்ட் அடிக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தரைத் தண்ணீரை வைப்பரால் தள்ளிவிடுங்கள். ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒரே இடத்தில் ஈரம் நின்றால், அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் மேல்புறம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம். உள்புறம் நனைந்தால் சுவருக்குள் கசிவு இருக்கலாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம். காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; குளிப்பவர் மயங்கி விழுந்து உயிரே போயிருக்கிறது. ஃபேன் இருக்கிறதே என்று துணியாதீர்கள். அதேபோல் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள். வருவது குளோரின் வாயு. அடைத்த அறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும்.

கடைசியாக, வீடு பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு: மாடுலர் கிச்சனில் மயங்கும் முன் பாத்ரூமுக்குள் போங்கள். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கதவடி இடைவெளியில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். அது உள்பக்கமாக அசைந்தால் காற்று ஓடுகிறது. அசையாவிட்டால் முன்பணம் கொடுக்கும் முன்பே உரிமையாளரிடம் சரிசெய்து கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். வாடகை தருகிறவருக்குக் காற்றைக் கேட்கும் உரிமையும் உண்டு.