எந்த வேலையைக் குறைக்கிறோம்?

அம்மா கும்பகோணத்திலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு தாமரைப் பூ அனுப்புவார். மேலே 'இனிய காலை வணக்கம்'. ஆழ்வார்பேட்டையில், டி.டி.கே. சாலையை ஒட்டிய தெருவொன்றின் இரண்டாவது மாடியில் பல் தேய்த்துக்கொண்டே நான் ஒரு கும்பிடு போடுவேன். அவ்வளவுதான் உரையாடல். என் துறையின் மொழியில் இது 'ரிப்பீட்டிவ் டாஸ்க்'. ஒழிக்கப்பட வேண்டியது.

நானும் ஒழித்துப் பார்த்தேன். முன்பு இருந்த கம்பெனியில், ஒரு மெசேஜிங் ஆப்புக்காக பதிலைத் தானே அனுப்பும் வசதிக்கு கோட் எழுதியவர்களில் நானும் ஒருவன். சோதனைக்காக ஒரு வாரம் அம்மாவுக்கு அதையே பதில் சொல்லவிட்டேன். எட்டாம் நாள் போன் வந்தது. "நீ போடுறியா, இல்ல அதுவா போடுதா?"

என்னிடம் பதில் இல்லை.

திரும்பத் திரும்ப நடப்பதெல்லாம் வீண் வேலை என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி போட்டது. இந்தியர்களின் போன்கள் ஏன் அடிக்கடி நிறைந்து திணறுகின்றன என்று ஆராய்ந்த கூகுள்காரர்கள், காரணம் 'குட் மார்னிங்' படங்கள் என்று கண்டுபிடித்தார்களாம். உடனே அவற்றைத் தேடி அழிக்க ஒரு வழியும் செய்து கொடுத்தார்கள். போனுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா?' என்று கேட்கும் ஒரு பழக்கம் எங்கள் கண்ணுக்கு வெறும் குப்பையாகத் தெரிந்ததே, அதைத்தான் சொல்கிறேன். வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டு, 'ஒரு வேலை மிச்சம்' என்று கைதட்டிக்கொள்ளும் புத்தி அது.

இன்னொரு பக்கமும் உண்டு, அது கொடூரமானது. ஃபார்வர்ட் பட்டன் எதற்கு வந்தது? ஒரே விஷயத்தைப் பத்து பேருக்குப் பத்து தடவை எழுதும் சிரமத்தைக் குறைக்கத்தான். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் தமிழ்நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்துக் கொன்றது.

கொன்றது ஆப் அல்ல, மனிதர்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் கையால் எழுதியே அனுப்ப வேண்டியிருந்தால் அந்த வதந்தி அவ்வளவு வேகமாகப் போயிருக்குமா? எழுதும்போது ஒருத்தராவது 'இது நெசமா?' என்று நிறுத்தியிருக்க மாட்டாரா? அதே ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. படங்களுக்குப் பக்கத்தில் இருந்த அவசர ஃபார்வர்ட் பட்டனையும் எடுத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டும் என்று சுருக்கியது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று அவர்களே சொன்னார்கள். தாங்கள் குறைத்த சிரமத்தைத் தாங்களே திருப்பி வைத்தார்கள்.

'அப்போ எல்லாத்தையும் கையாலதான் செய்யணுமா?' என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி மாமாவைப் பாருங்கள். வயது எழுபது தாண்டிவிட்டது. தண்ணி லாரி வரும் நாளெல்லாம் குரூப்பில் அதே அறிவிப்பைப் போடுகிறார். அரை மணி நேரத்தில் அது கல்யாண வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். 'லாரி எப்போ மாமா?' என்று ஆறு பேர் கேட்பார்கள். ஆறு பேருக்கும் அவர் ஒற்றை விரலால் பதில் தட்டுவார். மெயின்டனன்ஸ் யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பதை ஸ்க்ரோல் பண்ணிப் பண்ணி ஒரு நோட்டில் எழுதிவைப்பார். இந்த உழைப்பில் அன்பும் இல்லை, யோசனையும் இல்லை. குறைக்க வேண்டியது இதைத்தான். இதற்கு ஒரு வசதி வேண்டும் என்று நான் மீட்டிங்கில் சொன்னபோது, "அந்த வயசு யூசர் நம்ம டார்கெட் இல்லையே" என்றார்கள்.

எத்தனை தட்டு குறைந்தது என்று எண்ண எங்களுக்குத் தெரியும். யாருடைய தட்டு, எதற்கான தட்டு என்று கேட்கத் தெரியவில்லை. அதனால்தான் அம்மாவுக்குச் சொல்லும் பதிலை மெஷினிடம் கொடுத்துவிட்டு, மாமாவின் குமாஸ்தா வேலையை மாமாவிடமே விட்டுவைத்திருக்கிறோம்.

இப்போது அம்மாவுக்கு நானேதான் அனுப்புகிறேன். சில நாள் ஏழு மணி ஆகிவிடும். "லேட்டாயிடுச்சா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வருகிறவரை அந்த வேலையை யாரும் எனக்குக் குறைத்துத் தர வேண்டாம்.