பரங்கிக்காய்க்கு எதற்கு பட்டர்நட் வேஷம்?

நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. வாசலில் பன்னீர், சந்தனம், கல்கண்டு எல்லாம் முடிந்து உள்ளே போனால், உட்கார நாற்காலி தேடுவதற்குள் கையில் ஒரு சின்னக் கப் சூப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். 'ஸ்டார்ட்டர்' என்று பெயர். திருவண்ணாமலையில் ஆரம்பித்தது, கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வந்துவிட்டது. தக்காளி சூப், ஸ்வீட் கார்ன் சூப் என்று இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஊருக்கு வந்து வைக்கும் விருந்துகளில் 'பட்டர்நட் ஸ்குவாஷ் சூப் வித் பேக்கன்' என்று ஒன்று தலைகாட்டுகிறது. இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூப் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பன்றிக்கறி மேலும் கிடையாது. நம் ஊரில் காலங்காலமாக இருக்கிற இரண்டு பொருள்களைக் கேவலம் என்று ஒதுக்கிவிட்டு, அதே இரண்டையும் இங்கிலீஷ் பெயரில் பல மடங்கு காசு கொடுத்து வாங்கி, விருந்தில் வைத்து மார்தட்டிக்கொள்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் காயை எடுத்துக்கொள்வோம். பட்டர்நட் ஸ்குவாஷ் என்பது என்ன? தாவர நூலில் அதன் பெயர் குக்குர்பிட்டா மொஸ்சாட்டா. நம் பரங்கிக்காய்க்கும் தாவர நூலில் அதே பெயர்தான். ஒரே இனம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த கோ 1, கோ 2 பரங்கி ரகங்களும், பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா சந்தனும் இதே குடும்பத்துப் பிள்ளைகள். பட்டர்நட் 1940-களில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவான ரகம். கழுத்து நீண்டு, அடி பெருத்து, சுரைக்குடுக்கை மாதிரி இருக்கும். உள்ளே அதே ஆரஞ்சு நிறம், அதே இனிப்பு. அந்த நிறத்தைக் கொடுக்கிற, கண்ணுக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிற பீட்டா கரோட்டினும் இரண்டிலும் இருக்கிறது.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும் என்றால், பட்டர்நட்டில் நார் குறைவு, விதை இருக்கும் குழி சின்னது, அரைத்தால் வழவழவென்று வரும். நன்றாக முற்றிய பரங்கியாகப் பார்த்து வாங்கி, வேகவைத்து மசித்து ஒரு தடவை வடிகட்டினால் அந்த வித்தியாசமும் போய்விடும். இந்த ஒரு வடிகட்டலை மிச்சம் பிடிக்கவா, ஸ்டிக்கர் ஒட்டிய காயை ஏ.சி. கடையில் வாங்கி வருகிறோம்?

தைப்பொங்கல் குழம்புக்குப் பரங்கி வேண்டும், மொச்சை வேண்டும். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டையின் மேல் வைக்கப் பரங்கிப்பூ வேண்டும். மற்ற நாளில் அது ஏழை வீட்டுக் காய். விருந்தாளி வந்தால் பரங்கிக்காய் வைக்கக் கூச்சம். விளைந்த காலத்தில் விலை போகாமல் மாட்டுக்கு வெட்டிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். விதையைக் குப்பையில் கொட்டுகிறோம். பிறகு அதே விதையைப் 'பம்கின் சீட்ஸ்' என்று சின்னப் பொட்டலத்தில், முந்திரிப் பருப்போடு போட்டி போடும் விலைக்கு வாங்கி, சர்க்கரை வியாதிக்காரர் எண்ணித் தின்கிறோம். இதற்குச் சிரிப்பதா அழுவதா?

"பெரியவரே, பரங்கியே வெளிநாட்டுக் காய்தானே" என்று ஒரு தம்பி மடக்குவார். ஆமாம், வெளிநாட்டுக் காய்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பரங்கியர் கொண்டுவந்த காய் என்பதால்தான் பரங்கிக்காய் ஆயிற்று. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை எல்லாம் அதே சொல்தான். 'பிராங்க்' என்ற ஐரோப்பிய இனத்தின் பெயர் அரபி, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து பரங்கி ஆனது. பிரான்ஸ் நாட்டின் பெயரும் அந்த இனத்திலிருந்தே வந்தது. அன்றைக்கு நம் முன்னோர் என்ன செய்தார்கள்? வந்த காய்க்குத் தமிழில் பெயர் வைத்தார்கள், குழம்பில் போட்டார்கள், பொங்கல் படையலிலேயே உட்கார வைத்தார்கள். வெளியிலிருந்து வந்ததைச் சொந்தமாக்கிக்கொள்வது அறிவு. சொந்தமாகிவிட்டதை மறுபடியும் வெளிநாட்டுப் பொருளாக்கி வாங்குவதற்கு என்ன பெயர் வைப்பது?

வெள்ளைக்காரன் நம்மிடம் வாங்கிய சூப் ஒன்று உண்டு. நம் மிளகுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தான், பிடித்துப்போயிற்று, 'மல்லிகடானி' என்று கூப்பிட்டுச் சீமைக்கே கொண்டுபோனான். கறியைச் சேர்த்தான், வேறு என்னென்னவோ சேர்த்தான், ஆனால் நம் பெயரை விடவில்லை. இன்றைக்கும் இங்கிலீஷ் அகராதியில் அது தமிழ்ச் சொல்லாகவே இருக்கிறது. பெயரைத் தொலைக்கிற சாமர்த்தியம் நமக்குத்தான்.

நான் சின்ன வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அதனால் சூப்பின் பூர்வீகம் கொஞ்சம் தெரியும். பிரெஞ்சில் 'சூப்' என்ற சொல் முதலில் குறித்தது, குழம்பில் ஊறவைத்த ரொட்டித் துண்டை. காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் தின்பதற்குக் குடியானவன் கண்ட வழி. நம் பழைய சோறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரிலும் பரங்கி உண்டு, 'பொத்திரோன்' என்பார்கள். பரங்கி சூப்புக்கு 'சூப் ஓ பொத்திரோன்' என்றுதான் பெயர். அதில் போடும் பன்றிக்கறித் துண்டு 'லார்தோன்'. உப்புப் போட்டுப் பதப்படுத்திய பன்றிக்கொழுப்பில் ஒரு சின்னத் துண்டைச் சட்டியில் போட்டால், வீட்டுக்கே கறி வாசனை கிடைக்கும். நாம் கருவாட்டுத் துண்டைக் குழம்பில் போடுகிற கணக்குத்தான். குடியானவனின் சிக்கனச் சமையல் அது. பிரெஞ்சுக்காரர்கள் அதை அந்தப் பெயரிலேயே வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வைக்கிறார்கள். நாம் மட்டும் அதைப் பணக்கார வீட்டுப் பண்டம் என்று நினைத்துக்கொண்டு தட்டில் ஏந்துகிறோம்.

இனி பேக்கனுக்கு வருகிறேன். பேக்கன் என்றால் பன்றிக்கறி. உப்பில் ஊறவைத்து, பல சமயம் புகையிலும் வாட்டி, மெல்லிசாகச் சீவிய பன்றிக்கறி. இதைத் தமிழில் சொன்னால் நம் ஆட்களுக்கு முகம் சுளிக்கிறது. 'பன்றி தின்பவன்' என்பதை வசவாகவே வைத்திருக்கிற ஊர் இது. பன்றி வளர்க்கிறவருக்கும், அதன் கறியை விற்கிறவருக்கும் ஊருக்கு வெளியேதான் இடம். அவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தான் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தயங்குவான். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நிலையத்தில் வெண்பன்றி வளர்ப்புக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். கற்றுக்கொண்டு வந்து தொழில் செய்தால், பக்கத்துத் தெருக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். அதே ஆள் பிள்ளையின் நிச்சயதார்த்தத்தில் பேக்கன் தூவிய சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார். மூக்கு அதே மூக்கு, பன்றியும் அதே பன்றி. பெயர் மாறினால் நாற்றம் போய்விடுமா? அல்லது முதலிலிருந்தே நாற்றம் பன்றியிடம் இல்லையா?

பழைய கதையைக் கொஞ்சம் பாருங்கள். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் நம் மாவட்டத்துப் பாட்டு. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. வழியில் காட்டுப்பன்றி செத்துக் கிடந்தால், புகை வாசனை ஏறாமல் மூங்கில் தீயில் வாட்டித் தின்றுவிட்டு, மிச்சத்தை மூட்டை கட்டிக்கொண்டு போங்கள் என்று அதில் யோசனை சொல்லியிருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அரிசிமாவு ஊட்டிக் குழியில் நிறுத்திப் பல நாள் வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த கறி, வருகிற பாணர்களுக்கு விருந்தாகக் கிடைக்கும் என்று வருகிறது. கள்ளும் கூடவே உண்டு. தொண்டை நாட்டு ஸ்டார்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பன்றிக்கறி விருந்தில் கௌரவமாக இருந்த நாடு இது. இன்றைக்கும் குடகுக்காரர்கள் பந்திக்கறி இல்லாமல் கல்யாணம் நடத்துவதில்லை. பந்தி என்று அவர்கள் சொல்வது பன்றியைத்தான். அவர்கள் அதற்கு வேறு பெயர் தேடவில்லை.

சாப்பிடுகிறவர் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் சாப்பிடாதவருக்கு ஒரு உரிமை இருக்கிறது. இங்கேதான் இந்தப் பெயர் விளையாட்டு வினையாகிறது.

சில மாதம் முன்பு ஒரு விருந்து. யார் வீடு என்று சொல்ல மாட்டேன். என்னோடு தாலுகா ஆபீசில் பல வருஷம் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த நண்பரும் வந்திருந்தார். முஸ்லிம். கப்பை வாங்கி உதட்டருகே கொண்டுபோய்விட்டார். மேலே மிதந்த சிவந்த துணுக்கை வறுத்த வெங்காயம் என்று நினைத்திருக்கிறார். நான் போர்டைப் படித்துவிட்டு, "பாய், வேணாம், கீழே வையுங்க" என்றேன். பரிமாறின பையனைக் கூப்பிட்டு, "தம்பி, பேக்கன்னா என்ன?" என்று கேட்டேன். "தெரியல சார், மேல தூவறது" என்றான். அவன் மேல் என்ன தப்பு? அவனுக்கே யாரும் சொல்லவில்லை. நண்பர் கப்பை வைத்துவிட்டு, "வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடாதீங்க, நல்ல நாள் அதுவுமா சங்கடப்படுவாங்க" என்றார். சங்கடப்பட வேண்டியவர்கள் யார், அதை மறைக்கப் பார்த்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

முஸ்லிம்கள் மட்டும் இல்லை. கறியே தொடாதவர்கள் இருக்கிறார்கள். ஆடு கோழி சாப்பிட்டாலும் பன்றி சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள். பௌர்ணமி, கிருத்திகை என்று நாள் பார்த்து விரதம் இருப்பவர்கள் நம் மாவட்டத்தில் தெருவுக்குப் பத்துப் பேர். கடையில் விற்கும் பிஸ்கட் பாக்கெட்டில்கூடச் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புக் குறி போடச் சட்டம் இருக்கிறது. நாம் கும்பிட்டு அழைத்த விருந்தாளிக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா? 'பன்றிக்கறி' என்று தமிழில் எழுதி வைத்திருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்கும் புரிந்திருக்கும். எழுதக் கூச்சம். கூச்சப்படுகிற பொருளை விருந்தாளிக்கு எதற்கு வைக்கிறீர்கள்?

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகிறவன் அல்ல நான். இருபது பேருக்கு, ஆளுக்கு 100 மில்லி சின்னக் கப்பில் கொடுக்கிற மாதிரி ஒரு கணக்குச் சொல்கிறேன். நன்றாக முற்றிய பரங்கி ஒன்றரை கிலோ. கோ 2 ரகத்தில் ஒரு காயே ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும், அது போதும். தோல் சீவித் துண்டு போட்டு, அடிகனமான இரும்புச் சட்டியில் கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டு, ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். இந்தச் சிவப்பில்தான் ருசி இருக்கிறது, அவசரப்படாதீர்கள். சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு பத்துப் பல் சேர்த்து வதக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுக் குழைய வேகவிடுங்கள். மசித்து வடிகட்டி, உப்பு, பொடித்த மிளகு, சீரகம் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கி, கடைசியில் ஒரு டம்ளர் தேங்காய்ப்பால். பால் விட்ட பிறகு கொதிக்க விடக் கூடாது. சோளமாவு வேண்டவே வேண்டாம், பரங்கியே கெட்டி கொடுக்கும்.

பன்றிக்கறி வேண்டும் என்கிறவர்களுக்கு, பேக்கன் 200 கிராம். சட்டியைக் காயவைக்காமல், குளிர்ந்த சட்டியிலேயே துண்டுகளைப் பரப்பி, சின்னத் தீயில் வையுங்கள். எண்ணெய் விட வேண்டாம். அதன் கொழுப்பே உருகி, அதிலேயே மொறுமொறுவென்று வரும். அந்தச் சட்டி தனி, கரண்டி தனி. சூப்பு அண்டாவுக்குள் ஒரு துணுக்குகூட விழக் கூடாது. தனிக் கிண்ணத்தில், தனி மேஜையில் வையுங்கள். இன்னொரு கிண்ணத்தில் குப்பைக்குப் போக இருந்த பரங்கி விதையைக் கழுவிக் காயவைத்து, உப்புப் போட்டு வறுத்து வையுங்கள். சைவக்காரருக்கும் கடிக்க ஒன்று வேண்டும் அல்லவா?

"உங்கள் காலம் வேறு, எங்கள் காலம் வேறு, நாங்கள் சம்பாதிக்கிறோம், செலவழிக்கிறோம்" என்பார்கள் பிள்ளைகள். சம்பாதியுங்கள், நன்றாகச் செலவழியுங்கள். அந்தக் காசில் ஒரு பங்கு இந்த வட்டாரத்தில் பரங்கி போட்டவர் கைக்கும், கூசாமல் பன்றி வளர்க்கிறவர் கைக்கும் போகட்டும் என்றுதான் கேட்கிறேன். அவர்களை மண்டப வாசலில் நிறுத்திவிட்டு, அவர்கள் பொருளை மட்டும் வேறு பெயரில் உள்ளே அழைத்துப்போக வேண்டாம்.

அடுத்த விருந்துக்கு இரண்டு அட்டை எழுதுங்கள். ஒன்றில் 'பரங்கிக்காய் சூப்'. இன்னொன்றில் 'பன்றிக்கறி, வேண்டியவர்களுக்கு மட்டும்'. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். என் வயதுக்காரர்களும் வருவார்கள்.