ஏரியில் எத்தனை அடி?

டாஷ்போர்டு என்ற வார்த்தை குதிரை வண்டிக் காலத்தது. குதிரையின் குளம்பு கிளப்பும் சேறு வண்டிக்காரர் மேல் தெறிக்காமல் இருக்க முன்னால் பொருத்திய பலகை. இன்று ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் அதே பெயரில் வருகிற சமாசாரம் பல சமயம் நேர்மாறு. சேற்றை வாரி மேனேஜர் முகத்திலேயே அடிக்கிறது. எட்டு வட்டம், பன்னிரண்டு பட்டை, நடுவில் ஸ்பீடாமீட்டர் மாதிரி ஒரு முள். திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லோரும் 'ஆஹா' என்பார்கள். செவ்வாய்க்கிழமை பழையபடி அக்கவுண்ட்ஸ் செக்ஷனுக்கு போன் போட்டு, "ஏம்ப்பா, கலெக்ஷன் எவ்ளோ வந்திருக்கு?" என்பார்கள்.

நல்ல டாஷ்போர்டு பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். சென்னை மெட்ரோ வாட்டர் தினமும் வெளியிடுகிற ஏரி நிலவரம் போதும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று வரிசையாக ஏரிகள். ஒவ்வொன்றுக்கும் முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, உள்ளே வருவது, வெளியே போவது, போன வருஷம் இதே தேதியில் எவ்வளவு. அவ்வளவுதான். காமர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். தண்ணீருக்கு ஒரு ஸ்டாக் ரிஜிஸ்தர்!

இதில் பாடம் என்ன? 'செம்பரம்பாக்கத்தில் 1,800' என்று மொட்டையாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. 3,645 மில்லியன் கன அடியில் 1,800 என்றால், சுமார் பாதி. போன வருஷம் இதே நாளில் 2,900 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் புளி கரைக்கும். எண்ணுக்குத் துணை வேண்டும். தனியாக வரும் எண்ணை நம்பாதீர்கள்.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 12 அடி நின்றால் பாதித் தண்ணீர் என்று கணக்குப் போடுவீர்கள். கிடையாது, அதைவிடக் குறைவு. ஏரி என்பது டிரம் அல்ல, வாணலி. அதனால்தான் அடியையும் கன அடியையும் பக்கத்துப் பக்கத்தில் போடுகிறார்கள்.

இதெல்லாம் வெறும் அழகு விஷயம் இல்லை. 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் சேர்த்து ஒரு சதவிகிதம்கூட இல்லை. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்கு நாலு வருஷம் முன்பு, 2015 டிசம்பர் 1 இரவு, அதே செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜனங்கள் மாடிக்கு ஓடினார்கள். எல்லோராலும் முடியவில்லை.

ஆக, 22 அடி என்பது மே மாதத்தில் நிம்மதி, நவம்பரில் எச்சரிக்கை. 2020 நவம்பர் 25-ல் நிவர் புயல் நெருங்கியபோது, ஏரி நிரம்பட்டும் என்று காத்திராமல் 22 அடியிலேயே மதகைத் திறந்தார்கள். எண், எல்லை, செய்ய வேண்டிய காரியம் மூன்றும் சேர்ந்தால்தான் டாஷ்போர்டு. எண் மட்டும் இருந்தால் அது காலண்டர்.

இதையே தி.நகர் ஜவுளிக் கடைக்குக் கொண்டு வாருங்கள். போன அக்டோபரோடு இந்த அக்டோபரை ஒப்பிட்டு சேல்ஸ் மேனேஜரைத் திட்டுவது சுலபம். ஆனால் தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. ரங்கநாதன் தெருக் கூட்டம் இங்கிலீஷ் தேதி பார்த்து வருவதில்லை. 'தீபாவளிக்கு இன்னும் 15 நாள். போன வருஷம் 15 நாள் இருக்கும்போது எவ்வளவு?' என்று கேட்கிற டாஷ்போர்டுதான் வியாபாரம் தெரிந்த டாஷ்போர்டு.

கடைசியாக ஒரு டெஸ்ட். உங்கள் திரையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் சுட்டி, "இது இறங்கினா நாளைக்குக் காலையில யார் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். பதில் இல்லாததைத் தயவு தாட்சண்யமின்றி எடுத்துவிடுங்கள். ஐந்தாறு மிஞ்சும்.

"என்னப்பா, இவ்ளோ காலியா இருக்கு?" என்று எம்.டி. கேட்டால், "மழைக்கு முன்னால ஏரியிலும் கொஞ்சம் காலி இடம் வைப்பாங்க சார்" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்க்ரிமென்ட்டுக்கு நான் பொறுப்பல்ல.