முகத்தைக் குறை சொல்லாதீர்கள், கேமராவைத் திருத்துங்கள்



சென்ற பள்ளி விடுமுறையில் என் தோழியின் திருமணம் தேவாலயத்தில் நடந்தது. வெள்ளைக் கவுன் அணிந்த மணப்பெண்ணை நண்பகல் வெயிலில் வாசலில் நிறுத்தி, பலரும் படம் எடுத்தார்கள். படங்களில் கவுன் சாம்பல் பூத்திருந்தது. முகம் இருண்டு கிடந்தது. அவற்றைப் பார்த்த உறவினர் ஒருவர், “கறுப்பு நிறத்துக்கு வெள்ளைக் கவுன் எடுபடாது” என்று சொல்லிவிட்டார். தோழி ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பேச்சு மனத்தைப் புண்படுத்துவது மட்டுமல்ல, அறிவியல்படியும் தவறு.

கேமராவில் உள்ள ஒளிமானி, காட்சியிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளியை அளக்கிறது. முன்னால் இருப்பது வெள்ளைத் துணியா, கறுப்புத் துணியா என்று அதற்குத் தெரியாது. ஆகவே எந்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம்தான் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தச் சாம்பல் நிறம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 விழுக்காட்டைப் பிரதிபலிக்கும் என்பது புகைப்படக் கலையில் வழக்கமான கணக்கு. நல்ல வெள்ளைத் துணியோ சுமார் 80 விழுக்காட்டைப் பிரதிபலிக்கும்.

வெள்ளைக் கவுன் படத்தை நிறைத்து நின்றால், ‘ஒளி அதிகம்’ என்று கேமரா முடிவு செய்து ஒளியைக் குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகும். அதே குறைப்பு முகத்துக்கும் நேரும். மாநிற முகம் இருளும். கறுத்த முகம் இன்னும் இருளும். இன்றைய கைப்பேசிகள் முகத்தைக் கண்டறிந்து ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆனால் முகம் சிறிதாகவும் கவுன் பெரிதாகவும் இருக்கும் படங்களில் அவையும் தடுமாறலாம்.

நம்பவில்லையா? உங்கள் வெள்ளைப் பள்ளிச் சட்டையையும் ஒரு கறுப்புப் பையையும் நிழலில் வையுங்கள். ஒவ்வொன்றும் திரையை நிறைக்கும்படி தனித்தனியே படம் எடுங்கள். சட்டை மங்கியும் பை வெளுத்தும் தெரிவதைக் காண்பீர்கள்.

திருத்துவது கடினமல்ல. கேமராவில் கூட்டல், கழித்தல் குறியிட்ட ஒளித் திருத்தப் பொத்தான் இருக்கும். பெரும்பாலான கைப்பேசிகளில் திரையைத் தொட்டால் ஒரு சூரியக் குறி தோன்றும். அதை மேலே நகர்த்தலாம். ஒரு ‘ஸ்டாப்’ கூட்டினால் ஒளி இரு மடங்காகும். 18 என்பது 36 ஆகும். இன்னொன்று கூட்டினால் 72. கவுன் படத்தை நிறைத்திருந்தால் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டிப் பாருங்கள்.

அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்துதான். சாதாரணப் படக்கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் ஒளி அளவும் 0 முதல் 255 வரை எண்களாகப் பதிவாகிறது. 255ஐ எட்டிய இடத்தில் கவுனின் லேஸ் வேலைப்பாடு வெறும் வெள்ளையாகிவிடும். பிறகு எந்தச் செயலியாலும் அதை மீட்க முடியாது. ஆகவே படம் எடுத்ததும் பெரிதாக்கி லேஸ் தெரிகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல வழி, மணப்பெண்ணை மர நிழலுக்கு அழைத்துச் செல்வது. அங்கே ஒளி சீராக விழும். கவுனும் முகமும் ஒரே படத்தில் அடங்கும்.

உங்களில் பலர் படத்தில் முகம் இருண்டால் உடனே வெளுப்பாக்கும் ஃபில்டரைத் தேடுகிறீர்கள். அது தோலின் நிறத்தைக் குற்றவாளியாக்கும் வேலை. கருவி தரும் விடையை ஏற்கும் முன், அது எதை ஊகித்து அந்த விடைக்கு வந்தது என்று கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் தராசின் பூச்சியப் பிழையைத் திருத்திவிட்டுத்தானே எடை பார்க்கிறோம்? கேமராவுக்கும் அதே விதிதான்.

அடுத்த திருமணத்தில் யாராவது “முகம் கறுத்துவிட்டது” என்றால், வாதாட வேண்டாம். சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்தி, இன்னொரு படம் எடுத்துக் காட்டுங்கள்.