காய்ச்சல் விட்டது, ஆபத்து விட்டதா?

காய்ச்சல் கண்ட தொழிலாளி நான்கு நாள் முடங்கிக் கிடக்கிறான். ஐந்தாம் நாள் உடல் குளிர்கிறது. கூலி போயிற்றே என்ற கவலை அவனை எழுப்பி வேலைக்கு விரட்டுகிறது. டெங்கு தன் கோரப் பல்லைக் காட்டுவது அந்த நாளில்தான்!

காய்ச்சல் தணியும் வேளையில், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, நாடி தளர்கிறது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல்லீறில் அல்லது மூக்கில் இரத்தம், கைகால் சில்லிடுதல், மயக்கம் – இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நேரமே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒன்றுமே காணாவிட்டாலும் இரண்டு நாள் ஓய்வு தேவை. அந்த இரண்டு நாள் அரிசிக்கு வழி? கிளைத் தோழர்கள் செய்யவேண்டிய வேலை அது!

திடீர்க் கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிக்கும் நோவு – தொடக்க அடையாளங்கள் இவை. நோயைக் கொல்லும் தனி மருந்து இல்லை. பாராசிட்டமால், கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். வலி தீர ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ விழுங்காதீர். இரத்தக் கசிவுக்கு அவை துணைபோகும். ஆத்தாள் கோபம் என்று வேப்பிலை கட்டுவோரும் உண்டு. கடித்தது ஆத்தாள் அல்ல, பட்டப்பகலில் பறக்கும் ஏடிஸ் கொசு!

அது பிறப்பது சாக்கடையிலா? இல்லை, நாம் குடத்திலும் தொட்டியிலும் சேர்த்த நல்ல நீரில்! முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம். ஆகவே வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீரை மட்டும் கொட்டினால், ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் சாகாது.

குடத்தில் சேர்ப்பது ஆசைக்கா? குழாயில் நாள்தோறும் நீர் வந்தால் யார் சேர்க்கப் போகிறார்கள்? வராத குழாய்க்குப் பதில் சொல்லாத அதிகாரம், மூடாத தொட்டிக்கு அபராதம் கேட்கிறது!

2017-இல் தமிழகத்தில் 23,294 பேருக்கு டெங்கு. 65 பேர் மாண்டனர். அரசின் கணக்கே இது. அந்த ஆண்டு உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. ஊரகத்துக்கு 2019 டிசம்பரில்தான் வந்தது; அதுவும் எல்லா மாவட்டங்களுக்கும் அல்ல. நகரங்களோ 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். எத்தனை ஊர்த் தொட்டியை அவர் எட்டிப் பார்ப்பார்?