குழியில் இறங்குபவனுக்கும் உயிர் உண்டு

நகரத்து வீட்டில் ஒருவர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார். கழிவு கண்ணை விட்டு மறைகிறது. அது யார் உழைப்பால் மறைகிறது என்று எண்ணுவோர் மிகச் சிலரே.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். மலவாளி தூக்கும் வேலை அங்கே 1987 ஜனவரியில்தான் ஒழிந்தது. 2008இல் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழ்சுரங்கம் கட்டி முடிக்கப்பட்டது. சரிவிலேயே கழிவுநீர் ஓடுவதால் இடையிலிருந்த பம்பு நிலையங்கள் பலவற்றை மூட முடிந்தது. இதைப் போற்றுகிறோம். ஆயினும் சாங்கியில் அந்நீரை ஆழத்திலிருந்து மேலேற்றப் பெரும் பம்புகள் இரவும் பகலும் சுழல வேண்டும். கொழுப்பும் துணியும் குழாயை அடைக்கும். பம்பின் சக்கரத்தில் சிக்கும். அவற்றை நீக்க ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்குக் காத்திருக்கும் எமன் யார்? தோட்டத்துப் பால் ஆலையின் கழிவுக் குளத்தருகே அழுகிய முட்டை நாற்றத்தை நாம் அறிவோம். அதே வாயுதான் சாக்கடைக் குழியிலும் தேங்குகிறது. அது காற்றைவிடக் கனமானது, அடியில் படியும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்று நம்புகிறவன் ஏமாந்து போகிறான். அவனைத் தூக்கப் பின்னால் குதிக்கும் நண்பனும் சாய்கிறான்.

2024 மே மாதம் சிங்கப்பூரில் குடிநீர் நிலையம் ஒன்றில் தொட்டி சுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் இந்த வாயுவால் மயங்கினர், ஒருவர் மாண்டார். நவீன நகரத்திலும் இந்த எமன் நுழைகிறான் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

"ஐந்து நிமிஷ வேலைதானே, இறங்கு" என்பார் மேற்பார்வையாளர். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு குடும்பம் அநாதையாகிவிடும். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்குப் பிழைக்கப் போன நம் பிள்ளைகள் பலர் இன்று துப்புரவுக் குத்தகைக்காரர்களிடமே வேலை செய்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினை.

வாயுவை அளக்காமல் யாரும் இறங்கக் கூடாது. முதலில் நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். மேலே ஓர் ஆள் விலகாமல் காவல் நிற்க வேண்டும். இறங்குபவன் இடுப்பில் கயிறும், மீட்பவனுக்குச் சுவாசக் கருவியும் வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு சட்டம், குத்தகைத் தொழிலாளிக்கு ஒரு சட்டம் என்பது கூடாது.

இவற்றை வாய்ப்பேச்சாக விடாமல் குத்தகைப் பத்திரத்தில் எழுத வேண்டும் என வற்புறுத்துகிறோம். எழுதப்படாத இடத்தில் இறங்க மறுப்பது குற்றமல்ல. அது தொழிலாளியின் உரிமை.